ஃப்ரீபிஎஸ்டியில் லினக்ஸ் பிளெண்டர்: ஜிபியு உண்மையிலேயே வேலை செய்கிறதா?

ஃப்ரீபிஎஸ்டி யூனிக்ஸ் வகை இயங்குதளம், பிளெண்டர் முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருள். ஃப்ரீபிஎஸ்டிக்கென்றே தொகுத்த பிளெண்டர் அதன் மென்பொருள் தொகுப்பான போர்ட்ஸில் ஏற்கெனவே இருக்கிறது. சாதாரண மாடலிங், அனிமேஷன் வேலைக்கு அதுவே போதும். அதை வைத்துக்கொண்டே லினக்ஸ் பைனரியை இதே இயங்குதளத்தில் ஓட்டவேண்டிய தேவை எனக்கு ஒரு ஆட்-ஆனால் வந்தது. பிளெண்டர் 4.2 முதல் உள்ள எக்ஸ்டென்ஷன் முறையில், ஆட்-ஆன்கள் தமக்கு வேண்டிய பைதான் வீல்களையும் (நிறுவத் தயாரான பைதான் பொதிகள்) கூடவே கொண்டுவரலாம். அந்த வீலுக்குள் சி++ இல் எழுதித் தொகுத்த லைப்ரரி இருந்தால், அது பெரும்பாலும் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கு மட்டும்தான் கிடைக்கும். ஃப்ரீபிஎஸ்டியின் பைதான் அதை ஏற்றாது. மூலநிரல் வெளியிடப்படவில்லை என்றால் நாமே தொகுத்துக்கொள்ளவும் வழியில்லை.

மெய்நிகர் கணினியில் லினக்ஸ் வைத்துக்கொள்ளலாமே என்றால், வழக்கமான அமைப்பில் அதற்குள் ஓடும் நிரலுக்கு உண்மையான கிராபிக்ஸ் கார்டு தெரியாது. கார்டை அப்படியே உள்ளே கொடுத்துவிடும் பாஸ்த்ரூ முறை ஃப்ரீபிஎஸ்டியின் மெய்நிகர் கணினி மென்பொருளான பீஹைவில் இருக்கிறது. ஆனால் கொடுத்த கார்டு வெளியே இருக்கும் கணினிக்குக் கிடையாது. ஆகவே இரண்டு கார்டுகள் வேண்டும், சாதனங்களின் நினைவக அணுகலைக் கட்டுப்படுத்தும் ஐஓஎம்எம்யு வசதியும் மதர்போர்டில் வேண்டும். என்னிடம் இருப்பது ஒரே ஒரு என்விடியா கார்டு. அதனால் லினக்ஸுலேட்டர் பக்கம் போனேன்.

லினக்ஸுலேட்டர் ஃப்ரீபிஎஸ்டி கர்னலுக்குள்ளேயே இருக்கும் லினக்ஸ் ஒத்திசைவு அடுக்கு. பிளெண்டரின் எந்திரக் கட்டளைகள் நேராகச் செயலியில்தான் ஓடுகின்றன. அவற்றை இடையில் நின்று யாரும் மாற்றுவதில்லை. நிரல் கர்னலைக் கூப்பிடும் இடத்தில்தான் வித்தியாசம் வருகிறது. 64 பிட் லினக்ஸில் ரீட் என்ற சிஸ்டம் காலின் எண் 0. ஃப்ரீபிஎஸ்டியில் அதன் எண் 3. பிழை எண்களும் வேறு: ‘இப்போது முடியாது, மறுபடி முயன்று பார்’ என்பதற்கு லினக்ஸில் 11, ஃப்ரீபிஎஸ்டியில் 35. ஒரு பைனரியைத் தொடங்கும்போது கர்னல் அதன் ஈஎல்எஃப் தலைப்பையும், அது கேட்கும் டைனமிக் லோடரின் பாதையையும் பார்த்து, இது லினக்ஸ் நிரல் என்று கண்டுகொள்கிறது. அந்த ப்ராசஸுக்கு மட்டும் லினக்ஸின் சிஸ்டம் கால் அட்டவணையைப் பொருத்திவிடுகிறது. இந்த அமைப்பில் வேகம் குறைந்தால் காரணம் பெரும்பாலும் வேறெங்கோ இருக்கிறது என்று நான் உறுதியாக நம்பினேன். அந்த நம்பிக்கைதான் பின்னால் தேடலைச் சரியான திசையில் நிறுத்தியது.

அடுத்து, லினக்ஸ் நிரலுக்கு வேண்டிய லைப்ரரிகள். பேக்கேஜாகக் கிடைக்கும் லினக்ஸ் அடித்தளம் நெடுங்காலம் சென்ட்ஓஎஸ் 7 ஆக இருந்தது. அதில் உள்ள ஜிலிப்சி (லினக்ஸ் நிரல்களின் அடிப்படை சி லைப்ரரி) 2.17. பிளெண்டர் 4 வரிசைக்குக் குறைந்தது 2.28 தேவை, ஆகவே அது உதவாது. பிற்பாடு வந்த ராக்கி லினக்ஸ் 9 அடித்தளத்தில் 2.34 இருக்கிறது, அது சரிவரும். நான் உபுண்டுவின் அடிப்படைக் கோப்புகளை ஓர் அடைவில் நிறுவித்தரும் டெபூட்ஸ்ட்ராப் கொண்டு உபுண்டு 22.04 ஐத் தனி அடைவில் இறக்கிக்கொண்டேன். ஜிலிப்சி 2.35 கிடைக்கிறது என்பது ஒன்று. விடுபட்ட லைப்ரரியை ஆப்ட் கட்டளையால் உடனே சேர்த்துக்கொள்ளலாம் என்பது இன்னொன்று. அந்த அடைவுக்கென இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையில் ஒரு தனி டேட்டாசெட் உருவாக்கினேன். இதைச் செய்பவர்கள் கட்டாயம் அப்படியே செய்யுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டால், எதைக் கெடுத்தாலும் பழைய நிலைக்குத் திரும்ப ஒரு நொடி போதும்.

உபுண்டுவுக்குள் ஆப்ட் முதல்முறை ஓடும்போது டைனமிக் எம்மேப் இடம் போதவில்லை என்று நின்றுவிடலாம். ஆப்ட்டின் அமைப்பு அடைவில் கேஷ்-ஸ்டார்ட் அளவை 251658240 என்று எழுதி ஒரு கோப்பு வைத்தால் அது தீர்ந்துவிடும். ஃப்ரீபிஎஸ்டி கையேடே இதைச் சொல்கிறது.

மவுண்ட் செய்யவேண்டியவற்றை எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதிவிட வேண்டும். உபுண்டுவின் டெவ் அடைவில் டெவ்எஃப்எஸ், அதற்குள் ஷேர்டு மெமரிக்கு ஒரு டெம்ப்எஃப்எஸ், எஃப்டி அடைவுக்கு லினக்ஸ் முறைத் தொடுப்பு இயக்கிய எஃப்டெஸ்க்எஃப்எஸ், ப்ராக்கில் லின்ப்ராக்எஃப்எஸ், சிஸ்ஸில் லின்சிஸ்எஃப்எஸ். கூடவே வெளியில் உள்ள டெம்ப், ஹோம் இரண்டையும் நல்எஃப்எஸ் மூலம் உள்ளே காட்ட வேண்டும். டெம்ப் ஏன் என்றால், ஜன்னல்களைத் திரையில் காட்டும் எக்ஸ் சர்வரின் சாக்கெட் அங்கேதான் இருக்கிறது. ஹோம் ஏன் என்றால், எக்ஸ் அனுமதிச் சாவி இருக்கும் கோப்பு அங்கே இருக்கிறது. இசட்எஃப்எஸ் பயன்படுத்துபவர்கள் எல்லா வரியிலும் ‘லேட்’ என்ற விருப்பத்தைச் சேர்க்க மறக்கவேண்டாம். இல்லாவிட்டால் டேட்டாசெட் மவுண்ட் ஆவதற்கு முன்பே இவை மவுண்ட் ஆகி, அதன் அடியில் மறைந்துபோகும்.

கர்னல் அமைப்புகளை மாற்றும் சிஸ்கன்ட்ரோலில் இரண்டு மாற்றங்கள். லினக்ஸ் நிரல்கள் கோப்புகளை முதலில் எந்த அடைவுக்குள் தேடவேண்டும் என்ற அமைப்பை உபுண்டு அடைவுக்கு மாற்றினேன். இதன்பின் சிஹெச்ரூட் (உபுண்டு அடைவையே வேராக்கி அதற்குள் நுழைவது) தேவையில்லை. என் சாதாரணக் கணக்கிலிருந்தே லினக்ஸ் பைனரியை நேராக ஓட்டலாம். கர்னல் ஒரு பாதையை முதலில் உபுண்டுவுக்குள் தேடும், இல்லையென்றால் வெளியே தேடும். இரண்டாவது, அழிக்கக் குறித்துவிட்ட ஷேர்டு மெமரியில் மறுபடி இணைய அனுமதிக்கும் அமைப்பு. லினக்ஸில் அது இயல்பு. ஃப்ரீபிஎஸ்டியில் இந்த அமைப்பு அணைந்திருந்தால் அனுமதி கிடையாது. எக்ஸ் ஷேர்டு மெமரியைப் பயன்படுத்தும் லினக்ஸ் நிரல்கள் பலவற்றுக்கு இது தேவைப்படுகிறது.

பிளெண்டரின் லினக்ஸ் பொதியை ஹோம் அடைவில் பிரித்து, எல்டிடி கட்டளையால் விடுபட்டவற்றைப் பார்த்து, எக்ஸ்ஐ, எக்ஸ்எஃப்86விஎம், எக்ஸ்ஃபிக்ஸஸ், எக்ஸ்ரெண்டர், எஸ்எம், எக்ஸ்கேபிகாமன், ஜிஎல் ஆகிய லைப்ரரிகளை ஆப்ட் மூலம் சேர்த்தேன். இதில் சொல்ல வேறொன்றும் இல்லை. நிரல் திறந்தது. நடுவில் கனசதுரம், வலப்பக்கம் பட்டியல், எல்லாம் வந்தது. ஆட்-ஆனும் ஏறியது.

ஆனால் மவுஸால் காட்சியைச் சுற்றினால் படம் விட்டுவிட்டு நகர்ந்தது. இந்த இடத்தில்தான் பலரும் “எமுலேஷன் என்றால் இப்படித்தான் இருக்கும்” என்று முடிவுகட்டி விட்டுவிடுகிறார்கள். அதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. ஜன்னல் திறந்ததை வைத்து ஜிபியு வேலை செய்கிறது என்று சொல்லிவிட முடியாது. மெதுவாக ஓடுவதை வைத்து ஒத்திசைவு அடுக்கு மட்டம் என்றும் சொல்லிவிட முடியாது. படத்தை வரைவது யார் என்று காட்டும் ரெண்டரர் வரியில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்த பிறகே பேச வேண்டும்.

அந்த வரியைக் காட்டும் கட்டளையான ஜிஎல்எக்ஸ்இன்ஃபோவை உபுண்டுவிலிருந்து ஓட்டினேன். ரெண்டரர் இடத்தில் எல்எல்விஎம்பைப் என்று வந்தது. அதாவது மெஸா என்ற திறந்தமூலக் கிராபிக்ஸ் லைப்ரரியின் மென்பொருள் ரெண்டரர்: ஜிபியுவைத் தொடாமல், முக்கோணங்கள் அத்தனையையும் செயலியின் கோர்களிலேயே வரைவது. ஃப்ரீபிஎஸ்டியின் டாப் கட்டளையை த்ரெட் வாரியாகக் காட்டச் சொன்னபோது எல்எல்விஎம்பைப்-0, எல்எல்விஎம்பைப்-1 என்று கோர்களை நிரப்பிக்கொண்டிருந்த த்ரெட்கள் வரிசையாகத் தெரிந்தன. இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

பிளெண்டர் ஏன் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். பிளெண்டர் 4.0 முதல் லினக்ஸில், நிரல்கள் படம் வரையப் பயன்படுத்தும் இடைமுகமான ஓபன்ஜிஎல் 4.3 குறைந்தபட்சத் தேவை. அந்த அளவு இல்லையென்றால்தான் கார்டு போதாது என்று எச்சரிக்கும். எல்எல்விஎம்பைப்போ இப்போது ஓபன்ஜிஎல் 4.5 வரை தருகிறது. நிபந்தனை நிறைவேறிவிட்டதால் எச்சரிக்கைக்கு இடமே இல்லாமல் போகிறது. மெஸா இவ்வளவு முன்னேறியிருப்பது பெருமைக்குரிய விஷயம். ஆனால் இப்படி ஒரு அமைப்பைச் சரிபார்ப்பவருக்கு அது கண்ணை மறைக்கிறது. பிளெண்டரின் உதவிப் பட்டியலில் சிஸ்டம் தகவலைச் சேமிக்கும் வசதி இருக்கிறது. அந்தக் கோப்பிலும் ரெண்டரர் பெயர் எழுதப்பட்டிருக்கும். முதல்முறை திறந்ததும் அதைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

சரி, ஏன் மெஸாவிடம் போனது? இப்போதைய லினக்ஸில் ஓபன்ஜிஎல் லைப்ரரி என்பது வெறும் வாசல்தான். ஜிஎல்விஎன்டி என்ற அந்த வாசல், இந்தத் திரையை ஓட்டுவது யார் என்று எக்ஸ் சர்வரிடம் கேட்கும். சர்வர் என்விடியா என்று பதில் சொன்னால், என்விடியாவின் ஜிஎல்எக்ஸ் லைப்ரரியைத் தேடி ஏற்றும். கிடைக்கவில்லை என்றால் மாற்று ஏற்பாட்டுக்குப் போகும். உபுண்டுவில் அந்த மாற்று மெஸாதான். மெஸாவால் என்விடியாவின் கர்னல் டிரைவரோடு பேச முடியாது, ஆகவே அது எல்எல்விஎம்பைப்பில் போய் நிற்கும். ஒரு நிரலின் சிஸ்டம் கால்களைப் பட்டியலிடும் ட்ரஸ் கட்டளையின் கீழ் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோவை ஓட்டியதும் இந்தக் கதை முழுதும் வரி வரியாகத் தெரிந்தது: என்விடியா லைப்ரரியை ஒவ்வொரு அடைவாகத் தேடி, ஒவ்வொன்றிலும் கோப்பு இல்லை என்ற பதில் வாங்கி, கடைசியில் மெஸாவைத் திறக்கிறது. ட்ரஸ் லினக்ஸ் ப்ராசஸ்களையும் புரிந்துகொண்டு சிஸ்டம் கால்களை லினக்ஸ் பெயரிலேயே காட்டுகிறது. இந்த வேலைக்கு அதைவிட நம்பகமான கருவி எனக்குத் தெரியாது.

கர்னல் பக்கம் டிரைவர் ஃப்ரீபிஎஸ்டியுடையது. அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. என் திரையே அதில்தான் வருகிறது. உபுண்டுவுக்குள் இல்லாதது அதே டிரைவரின் லினக்ஸ் நிரல்பக்க லைப்ரரிகள். இங்கே ஒரு கண்டிப்பான விதி உண்டு: என்விடியா டிரைவரில் கர்னல் மாட்யூலும் நிரல்பக்க லைப்ரரியும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும், கடைசி எண் வரை. வேறாக இருந்தால் கர்னல் பதிவில் ஏபிஐ பொருந்தவில்லை என்று இரண்டு பதிப்பு எண்களையும் எழுதிவிட்டு மாட்யூல் மறுத்துவிடும். உபுண்டுவின் களஞ்சியத்தில் உள்ள என்விடியா பேக்கேஜின் எண்ணும் ஃப்ரீபிஎஸ்டி பேக்கேஜின் எண்ணும் ஒன்றாக இருப்பது தற்செயல்தான். பேக்கேஜாகக் கிடைக்கும் லினக்ஸ் அடித்தளத்தைப் பயன்படுத்துபவர்களுக்குப் போர்ட்ஸிலேயே லினக்ஸ் என்விடியா லைப்ரரிகள் தனியாக உள்ளன. அவர்களுக்கு வேலை எளிது. உபுண்டு வைத்திருக்கும் நான், ஃப்ரீபிஎஸ்டி மாட்யூலின் அதே எண் கொண்ட லினக்ஸ் டிரைவர் கோப்பை இறக்கினேன். அதை நிறுவக் கூடாது. நிறுவும் நிரல் லினக்ஸ் கர்னல் மாட்யூலைத் தொகுக்கப் பார்க்கும், இங்கே லினக்ஸ் கர்னலே கிடையாது. பிரித்து மட்டும் வைக்கும் விருப்பத்தோடு ஓட்டினால் எல்லாக் கோப்புகளும் ஓர் அடைவில் வந்து விழும்.

அதிலிருந்து என்விடியாவின் ஜிஎல்எக்ஸ், ஈஜிஎல் லைப்ரரிகள், ஜிஎல்கோர், ஈஜிஎல்கோர், ஜிஎல்எஸ்ஐ, டிஎல்எஸ், ஜிபியுகாம்ப் ஆகியவற்றை உபுண்டுவின் 64 பிட் லைப்ரரி அடைவுக்கு நகலெடுத்தேன். ஜிஎல்விஎன்டிக்கான சிறு ஜேசன் கோப்பையும் அதற்குரிய இடத்தில் வைத்தேன். பொதுவான ஜிஎல் வாசல் லைப்ரரியும் அந்தப் பொதியில் இருக்கும். அதை எடுக்கவேண்டாம், உபுண்டுவுடையதே இருக்கட்டும். கடைசியாக உபுண்டுவின் எல்டிகான்ஃபிக்கை உபுண்டுவுக்குள்ளேயே சிஹெச்ரூட் செய்து ஓட்ட வேண்டும். முழுப் பதிப்பு எண்ணோடு இருக்கும் கோப்புக்கு, நிரல் தேடும் குறும்பெயரில் தொடுப்பை உருவாக்கித் தருவது அதுதான். கோப்பு கண்முன் இருந்தும் நிரல் கிடைக்கவில்லை என்று சொன்னால் இந்தத் தொடுப்பைத்தான் முதலில் பாருங்கள்.

மறுபடி ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ. ரெண்டரர் வரியில் என் கார்டின் பெயர், பதிப்பு வரியில் ஓபன்ஜிஎல் 4.6. பிளெண்டரைத் திறந்து காட்சியைச் சுற்றினேன். கையோடு சேர்ந்து நகர்ந்தது. பிளெண்டரின் நிகழ்நேர ரெண்டரரான ஈவீக்கு மாற்றியதும் ஷேடர் தொகுப்பு முடியும்வரை முதல்முறை கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருந்தது. அது எந்த இயங்குதளத்திலும் உள்ளதுதான், அதை வைத்து எதையும் முடிவுசெய்யக் கூடாது. டாப்பில் எல்எல்விஎம்பைப் த்ரெட்கள் ஒன்றும் இல்லை. ஒரே காட்சியை ஃப்ரீபிஎஸ்டியின் சொந்த பிளெண்டரிலும் இதிலும் மாற்றி மாற்றித் திறந்து பார்த்தேன். கண்ணுக்கு வேற்றுமை தெரியவில்லை.

ஒரு லினக்ஸ் லைப்ரரி எப்படி ஃப்ரீபிஎஸ்டியின் டிரைவரோடு பேசுகிறது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். நிரல்பக்க லைப்ரரி, கார்டுக்குரிய சாதனக் கோப்பைத் திறந்து ஐஓசிடிஎல் என்ற அழைப்பால் டிரைவரோடு பேசும். அந்த அழைப்பின் 32 பிட் எண்ணிலேயே தரவு எந்தத் திசையில் போகிறது என்ற குறிப்பு இருக்கிறது. லினக்ஸில் 30ஆம் பிட் இருந்தால், நிரல் கர்னலுக்குத் தரவு கொடுக்கிறது. பிஎஸ்டி மரபில் அதே பிட், கர்னல் நிரலுக்குத் தரவு கொடுக்கிறது என்று சொல்கிறது. 31ஆம் பிட்டும் அதேபோல் தலைகீழ். இது வெறும் குறிப்பாக மட்டும் இருந்தால் பரவாயில்லை. லினக்ஸில் தரவை நகலெடுப்பது அந்தந்த டிரைவரின் பொறுப்பு. ஃப்ரீபிஎஸ்டியில் டிரைவர் பார்ப்பதற்கு முன்பே கர்னலின் பொது அடுக்கு இந்தப் பிட்டுகளைப் பார்த்து நகலெடுத்துவிடுகிறது. எண்ணை மாற்றாமல் விட்டால் டிரைவருக்கு வெற்றுத் தரவுதான் போய்ச்சேரும். அதனால் லினக்ஸுலேட்டரில் ஐஓசிடிஎல்களுக்கென்று கையாளிகள் உண்டு. அவை திசைப் பிட்டுகளை மாற்றிப் போட்டு அப்புறம்தான் அனுப்புகின்றன. என்விடியாவின் ஃப்ரீபிஎஸ்டி மாட்யூல் தனக்குரிய கையாளியைத் தானே லினக்ஸுலேட்டரிடம் பதிவுசெய்துகொள்கிறது.

இவ்வளவு இடைவேலை இருந்தும் வேகம் ஏன் குறையவில்லை என்றால், கனமான போக்குவரத்து இந்த வழியில் வருவதே இல்லை. கார்டுக்கான ஆணைகளும் வடிவத் தரவும் நிரலின் நினைவகத்தோடு இணைத்த பகுதிகளில் நேராக எழுதப்படுகின்றன. ஆரம்ப ஏற்பாடு, நினைவக ஒதுக்கீடு போன்றவற்றுக்குத்தான் ஐஓசிடிஎல். அங்கே சில பிட்டுகளைப் புரட்டுவதற்கு ஆகும் நேரத்தை அளக்கவேண்டிய தேவைகூட இல்லை.

ஏஎம்டி, இன்டெல் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பதிப்புப் பொருத்தத் தொல்லை இல்லை. அங்கே கர்னல் டிரைவர், லினக்ஸ் மூலநிரலிலிருந்தே கொண்டுவந்த டிஆர்எம்-கேமாட். நிரல்பக்கம் உபுண்டுவின் மெஸாவே போதும். டெவ் அடைவுக்குள் டிஆர்ஐ சாதனங்கள் தெரிய வேண்டும், உங்கள் கணக்கு வீடியோ குழுவில் இருக்க வேண்டும், லின்சிஸ்எஃப்எஸ் கட்டாயம் மவுண்ட் ஆகியிருக்க வேண்டும். மெஸா தன் கார்டு எது என்று சிஸ் அடைவைப் படித்துத்தான் தெரிந்துகொள்கிறது. அது காலியாக இருந்தால் மறுபடி எல்எல்விஎம்பைப்தான்.

எல்லாமே கிடைத்துவிடவில்லை. ஈவீயும் வியூபோர்ட்டும் ஜிபியுவில் ஓடுகின்றன. ஆனால் பிளெண்டரின் இன்னொரு ரெண்டரரான சைக்கிள்ஸின் சாதனப் பட்டியலில், என்விடியா கார்டில் கணக்கிட உதவும் கூடா காலியாகவே இருக்கிறது. கூடா லைப்ரரி தொடங்கும்போது யுவிஎம் என்ற இன்னொரு கர்னல் மாட்யூலின் சாதனத்தைத் திறக்கும். லினக்ஸ் டிரைவரில் அது உண்டு. ஃப்ரீபிஎஸ்டி டிரைவரில் அது இல்லை. அந்த அழைப்புகளை இடைமறித்துப் பொய்ப் பதில் தரும் சிறிய லைப்ரரியை முன்கூட்டியே ஏற்றி சிலர் கூடாவை எழுப்பியிருக்கிறார்கள். என் வேலை ஈவீயிலேயே முடிந்துவிடுவதால் நான் அதில் இறங்கவில்லை. சைக்கிள்ஸ் தேவைப்படும்போது செயலியிலேயே ரெண்டர் செய்துகொள்கிறேன்.

ஒலி வரவில்லை. ஃப்ரீபிஎஸ்டியின் ஒலி ஓஎஸ்எஸ் முறை. உபுண்டு நிரல் லினக்ஸின் ஒலி முறையான அல்சாவைத் தேடுகிறது. உபுண்டுவில் அல்சாவின் பிளகின் பேக்கேஜை நிறுவி, அதன் அமைப்புக் கோப்பில் இயல்பான வெளியீட்டை ஓஎஸ்எஸ் வகைக்கு மாற்றி, டிஎஸ்பி சாதனத்தைக் காட்டினால் வந்துவிடுகிறது. கர்னல் பதிவில் இன்ன சிஸ்டம் கால் இல்லை என்ற வரிகள் அவ்வப்போது வந்துகொண்டிருக்கும். பெரும்பாலான நிரல்கள் அந்தப் பதிலைப் பெற்றதும் பழைய வழிக்குப் போய்விடுகின்றன. நிரல் நின்றுபோனால் மட்டும் அந்த வரிகளைக் கவனித்தால் போதும்.

இந்த அமைப்பைக் கெடுக்கக்கூடியது வழக்கமான பேக்கேஜ் புதுப்பிப்பு. என்விடியா டிரைவர் பேக்கேஜ் புதிய எண்ணுக்குப் போன மறுநிமிடம் உபுண்டுவுக்குள் இருப்பவை பழையதாகிவிடும். ஃப்ரீபிஎஸ்டி நிரல்கள் சரியாக ஓடும், லினக்ஸ் நிரல் மட்டும் மறுக்கும். ஆகவே டிரைவர் பேக்கேஜைப் பூட்டிவைத்திருக்கிறேன். புதுப்பிக்கும் நாளில் முதலில் ஸ்னாப்ஷாட், பிறகு பூட்டைத் திறந்து டிரைவர் புதுப்பிப்பு, அதே எண்ணுள்ள லினக்ஸ் பொதியைப் பிரித்துப் பழைய லைப்ரரிகளை நீக்கிப் புதியவற்றை வைப்பது, எல்டிகான்ஃபிக், ரீபூட் என்று வரிசை வைத்துக்கொண்டேன். பிளெண்டரைத் தொடங்கும் சிறு ஸ்கிரிப்டிலும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: ஜிஎல்எக்ஸ்இன்ஃபோவின் ரெண்டரர் வரியில் எல்எல்விஎம்பைப் என்று இருந்தால் பிளெண்டரைத் திறக்காமல் அந்த வரியை மட்டும் காட்டிவிட்டு நின்றுவிடும்.